கார் ஏறும்போது கழற்றியது

இதை எனக்கு முதன்முதல் சொன்னது சலேத்மேரியேதான். போன ஆகஸ்டில், மாதா திருவிழாக் கொடி இறக்கின மறுநாள். காலைப் பூசை முடிந்து, கோவில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் அவரவர் ஜோடியைக் காலாலேயே துழாவிக்கொண்டு நின்றோம். அவளுடையது கிடைத்ததும் காலில் போடாமல் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, பூசை கண்டு வந்த மூஞ்சியா இது?" என்றேன். "உக்காரு, சொல்லுதேன்" என்று படியில் உட்கார்ந்தாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன். அவள் மனசுக்குள் போய் வந்ததெல்லாம்கூட அவள் சொன்னதுதான். எங்கேயாவது ஒரு கை உப்பு நான் கூடப் போட்டிருந்தால் மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

கார் கிளம்பிவிட்டதா என்றே சலேத்துக்கு முதலில் தெரியவில்லை. உறுமல் இல்லை, உதறல் இல்லை. அடுத்த வீட்டு ரீத்தாவின் ஜன்னல் பின்னால் நகர்ந்ததைப் பார்த்துத்தான், சரி, போகிறது ஜன்னல் இல்லை, நாம்தான் என்று புரிந்துகொண்டாள். தெருமுனைக் குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை ஆட்டினார்கள், என்னவோ அவள் கப்பலேறிக் கொழும்புக்குப் போகிறதுபோல. அவளும் ஆட்டினாள். கண்ணாடி கறுப்பு, உள்ளே ஆட்டுகிற கை வெளியே தெரியாது என்பது கை ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, ஆட்டினது ஆட்டினதுதான். மடியில் முந்திரிக்கொத்துப் பலகாரம் வைத்த தூக்குவாளி, அதன் மூடிமேல் இடது கை, வலது கையில் செபமாலை. சனிக்கிழமை, செபமாலையில் நினைக்க வேண்டியது ஐந்து சந்தோஷ தேவ ரகசியங்கள். முதலாவது, தேவதூதர் கபிரியேல் சம்மனசு மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னது. அவள் வீட்டிலும் ஒரு கபிரியேல் இருக்கிறார், துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணுகிறவர், கட்டின நாள் முதலாக மங்கள வார்த்தை என்று ஒன்று அவர் வாயிலிருந்து விழுந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போதுகூட, "போற வீட்டுல எதையும் அமுக்கிப் பாக்காத பிள்ள, அங்க எல்லாம் கரண்டுல ஓடும்" என்பதுதான் அவர் சொன்ன மங்கள வார்த்தை. அருள் நிறைந்த மரியே. மணியை நகர்த்தினாள். ஏசிக் காற்று கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் குளிரவைத்தது. நல்லாத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல என்ன வெட்கம்? மெத்தையில் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். பிறகு, துவாலை விரிக்காமல் சாய்ந்துவிட்டோமே, தலை எண்ணெய் ஒட்டுமே என்று மறுபடி முன்னால் வந்தாள்.

போகிறது டெல்பினுக்காக. டெல்பின் அவளுடைய ஒரே மகள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், கோவில் பாடற்குழுவில் பாடுகிறவள். அங்கே கீபோர்டு வாசிக்க வந்த ஜோவின்தான் மாப்பிள்ளை. கல்யாணப் பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற புடவையை மாப்பிள்ளை வீட்டில்தான் எடுப்பார்கள். அது என்ன நிறம் என்று சேர்ந்து பார்க்கலாம், கார் அனுப்புகிறேன், வாங்க என்று ஜோவினின் அம்மா போனில் சொல்லியிருந்தார். டெல்பின் வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிடுவாள். அவ்வளவுதான் சங்கதி, ஒரு புடவை பார்க்கிற சங்கதி. ஆனால் ஜோவின் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த அன்றைக்குச் சலேத் எந்த வீடு, எந்த வீடு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐஸ் கம்பெனி வீடு. கரையில் இறங்குகிற மீனெல்லாம் அவர்கள் ஐஸில்தான் படுத்து உறங்கி வெளியூர் போகிறது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தென்னைமரத்துத் தலை மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது போய் வந்தவர்கள் சொல்லித்தான். மீன் கழுவ என்றே தனியாக ஒரு அடுக்களையாம். இவள் வீட்டிலோ இருப்பது ஒரே இடம், மீன் கழுவினால் அடுக்களை, பாய் விரித்தால் படுக்கையறை, முழங்கால் போட்டால் செபக்கூடம். அந்த வீட்டு எவாஞ்சலின் அம்மாவை, ஜோவினின் அம்மாவை, அவளுக்கு வேறு வழியிலும் தெரியும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறதும் கேட்டைத் திறக்கிறதும் சலேத்துக்கு வேலை. எவாஞ்சலினின் மூத்த மகள் அங்கே படித்த காலமெல்லாம் கார் வந்து நிற்கும், "வணக்கம் மேடம்" என்று இவள் கேட்டைத் திறப்பாள், அந்த அம்மா சிரிப்பார். கெட்ட மனுஷி இல்லை. சிரிக்கத்தான் செய்வார். ஆனால் அந்தச் சிரிப்பு சலேத்தின் தோளுக்கு மேலாகப் போய்ப் பின்னால் நிற்கிற புங்கமரத்தில் விழும்.

அந்த 'மேடம்' நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெண் கேட்டு அவர்கள் வந்த அன்றைக்கு, ரீத்தா வீட்டுக் கப்பு, எதிர்வீட்டு ஸ்டாண்டு ஃபேன், மூலைவீட்டு நாற்காலி என்று பாதித் தெரு சலேத்தின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எவாஞ்சலின் செருப்போடேயே உள்ளே வந்தார். வந்து, அந்தச் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ரீத்தா அப்புறம் சலேத்தின் காதில் ஓதினாள்: "பாத்தியாட்டி, மாதா படம் இருக்க வீட்டுக்குள்ள செருப்போட வாராவ." பெரிய வீட்டுப் பழக்கம் அப்படி இருக்கும் என்று சலேத்தேதான் மூடி மறைத்தாள். வாங்க மேடம், உட்காருங்க மேடம், ஃபேன் இப்படித் திருப்பட்டுமா மேடம், கலர் குடிங்க மேடம். கார் போன பிறகு டெல்பின் கப்புகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மா, நீ என்னக் கட்டிக் குடுக்கியா, இல்ல வேலைக்கு அனுப்புதியா?" சலேத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பிள்ள பேசுத?" "நீ அவங்கள மேடம்னு சொன்னா நான் எப்படிம்மா அத்தைனு கூப்பிட? நீ குனிஞ்ச வாசல்ல நான் மட்டும் நிமிந்து போக முடியுமா?" கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். டெல்பின் மெதுவாகச் சொன்னாள், அதுதான் நெஞ்சில் நின்றுகொண்டது. முறைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்கே தெரியும். சம்பந்தம் பண்ணுகிற பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி மதினி. மேடம், மதினி. இரண்டுக்கும் மூன்றெழுத்து, இரண்டும் 'ம' வரிசையில் தொடங்குகிறது, அதுதான் வினை. வாயைத் திறந்தால் 'ம' வரைக்கும் அவள் பொறுப்பு, அதற்குமேல் எதில் போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாரமாக அடுக்களையில் ஒத்திகை. கபிரியேல் துவாலையைத் தோளில் மாராப்பாகப் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்து, "வாங்க வாங்க" என்று வருவார். "வாரேன் மே... மதினி!" "தோத்த! மறுபடி மொதல்ல இருந்து." மீன் குழம்பு பொங்கி அடுப்பில் வழிய, மூன்று பேரும் சிரித்து, டெல்பினுக்கு விக்கல் எடுத்தது. நினைத்துக்கொண்டபோது சலேத்துக்கு இப்போதும் சிரிப்பு முட்டியது. ஓட்டுகிற துரைப்பாண்டி முன்கண்ணாடியில் பார்த்தான். "ஏசி கூடுதலா இருக்காம்மா?" "இல்ல தம்பி. செபம் சொல்லிட்டு வாரேன்." செபம் சொல்கிறவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அவன் நினைத்திருப்பான்.

இரண்டாவது, மரியாள் எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. நன்றாகச் சொன்னாய் மாதாவே, நானும் அப்படித்தானே போகிறேன், ஒரு பொம்பளை வீட்டுக்கு ஒரு பொம்பளை. எலிசபெத்தம்மாளும் வசதியான வீடுதான், கோவில் குரு வீடு. மரியாள் தச்சன் வீட்டுப் பெண். மலைநாட்டுக்கு நடந்தா போனாள்? கழுதை கிடைத்திருக்கும். நமக்குக் கார் கிடைத்தது. காலடியில் விரித்திருந்த கம்பளம், வெள்ளாட்டுக் குட்டி முதுகைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தது. கட்டைவிரலை அதில் புதைத்துப் புதைத்து எடுத்தாள், சுண்டுவிரலுக்கும் கொஞ்சம் காட்டினாள், உள்ளங்கால் முழுக்க ஒரு கூச்சம் ஓடி முழங்கால் வரைக்கும் ஏறிச் சுகமாக இருந்தது, இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து இதை மிதிக்கவும் போடுகிறார்களே, நாமானால் சுவரில் மாட்டுவோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மணிக்குப் போனவள், அப்படியே நின்றாள். உள்ளங்கால். உள்ளங்காலுக்கு எப்படிக் கம்பளம் தெரியும்? வலது காலால் இடது பக்கம் தேடினாள். இடது காலால் வலது பக்கம் தேடினாள். முன்சீட்டுக்கு அடியில் விட்டுப் பார்த்தாள், வழுவழுவென்று ஏதோ இரும்பு தட்டுப்பட்டது. இல்லை. செருப்பு இல்லை. பிறகு அது முழுசாக, படம் போல, கண்ணுக்கு முன்னால் வந்தது: துரைப்பாண்டி கதவைத் திறந்து பிடித்தது, உள்ளே பால் நிறத்தில் கம்பளம், குழாயடிச் சேறு தன் செருப்பில், கை தானாகக் கதவைப் பிடித்தது, கால் தானாகக் கழற்றியது. கோவிலில் கழற்றுகிற மாதிரி, ரீத்தா வீட்டு வாசலில் கழற்றுகிற மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்துவிட்டு, வலது காலை முன்வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருவில். நடுத்தெருவில். அது அங்கே நின்றுகொண்டிருக்கிறது, காருக்குள் போனவள் இப்போது வந்துவிடுவாள் என்று.

மாதாவே. நாலு வருஷமாகக் காலில் கிடந்து தேய்கிறது, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? ஏன் அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருத்திகூடச் சொல்லவில்லை? எல்லாரும் கை ஆட்டினார்களே, அதில் பாதி ஆட்டு 'செருப்பு, செருப்பு' என்கிற ஆட்டோ? வண்டியைத் திருப்பச் சொல்லலாம். திருப்பினால் தெருவே ஓடி வரும், என்னட்டி சலேத்து, சம்பந்தம் முறிஞ்சுபோச்சா என்று. அதோடு நல்ல காரியத்துக்குக் கிளம்பினவள் பாதியில் திரும்புவதா? சொல்லவும் வேண்டுமே துரைப்பாண்டியிடம், தம்பி உங்க காரை வாசல்னு நினைச்சுட்டேன் என்று. புடவையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். டெல்பின்தான் வேலைக்குப் போகுமுன், தடுக்கும் தடுக்கும் என்று கொசுவத்தைத் தூக்கிக் குத்திவிட்டுப் போயிருந்தாள். இழுத்தால் இடுப்பில் அவிழும், விட்டால் காலில் தெரியும். பித்தவெடிப்பு வேறு. மருதாணி போட்டிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டாவது இருப்பார்கள். மேடம் இல்லை, மதினி, மேடம் இல்லை, மதினி என்று ஒரு வாரம் வாயைப் பழக்கினோம், வாய் பழகிவிட்டது, காலை யாரும் பழக்கவில்லை. கால் அதுபாட்டுக்குக் குனிந்துவிட்டது. நாக்கு நிமிர்ந்தாலும் கால் காட்டிக் கொடுத்துவிட்டது, இது சொந்தக்காரி இல்லை, கேட் திறக்கிறவள் என்று. ஒருவேளை எல்லாப் பணக்காரர் வீட்டு ஏற்றமும் இதுதானோ, எங்கே கழற்றுவது எங்கே போட்டுக்கொள்வது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், நமக்குச் சொன்னாலும் பதறும். அருள் நிறைந்த மரியே. எத்தனாவது மணி இது? விரல் பிடித்திருந்த மணி எதுவென்று தெரியவில்லை. மறுபடி இரண்டாவது தேவ ரகசியம். மரியாள் எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. மரியாள் காலில் செருப்பு இருந்ததா?

ரெண்டாம் கேட்டில் ரயிலுக்காகக் கேட் சாத்தியிருந்தது. கார் நின்றது. நின்ற இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மாதா அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பதுபோல, ஒரு தள்ளுவண்டி நிறையச் செருப்பு. பச்சை, சிவப்பு, பூப்போட்டது, வார் வைத்தது. வண்டிக்காரர் ஒரு ஜோடியைத் தட்டித் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் எட்டும். இந்தக் கண்ணாடியை மட்டும் இறக்கினால் போதும், சைகையிலேயே கேட்டு, சைகையிலேயே வாங்கி, துரைப்பாண்டி ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம். கண்ணாடி இறக்குகிற கைப்பிடி எங்கே? ஆட்டோவில் கண்ணாடியே இல்லை, பஸ்ஸில் தள்ளினால் போகும். இங்கே கதவில் ஒரு வரிசை பொத்தான்கள். எதையும் அமுக்கிப் பாக்காத பிள்ள. அந்த மனுஷர் சொன்னது வீட்டில், கார் வீடா? ஒன்றை அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல். சீட் மெல்ல, பணிவாக, அவளையும் தூக்குவாளியையும் சேர்த்துக்கொண்டு பின்னால் சாய ஆரம்பித்தது. விரலை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. தூக்குவாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி சாய்ந்து சாய்ந்து முழுசாகப் படுத்துவிட்டாள். "தூங்குங்கம்மா, தூங்குங்க" என்றான் துரைப்பாண்டி. "சரக்கு ரயிலு, நேரம் எடுக்கும்." "தூங்கல தம்பி, நான்..." "கூச்சப்படாதீங்கம்மா. எங்க முதலாளியம்மா தெனமும் இதுல தூங்கிட்டுத்தான் வருவாவ." கண்ணைத் திறந்து பார்த்தால் காருக்குக் கூரையே கண்ணாடி. வானம். வேறொன்றும் இல்லை, கம்பி இல்லை, மாடி இல்லை, கம்பத்து வயர் இல்லை, பஞ்சுப் பொதி போல இரண்டு மேகமும் ஒரு செம்பருந்தும். எத்தனை வருஷம் ஆகிறது இப்படி மல்லாந்து வானம் பார்த்து! பகலில் படுத்ததே டெல்பினைப் பெற்றபோதுதான், அதுவும் ஆஸ்பத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. பருந்து சிறகை அசைக்காமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. இதைப் பார்க்க மேலே கண்ணாடி வைத்த கார் வேண்டியதில்லை, ஆனால் கார் வந்துதான் பார்க்க நேரம் கிடைத்தது. ரயில் தடதடவென்று போகப் போக சீட்டுக்கு அடியிலிருந்து அந்த அதிர்வு முதுகைத் தட்டிக் கொடுத்தது. பயந்துகொண்டு படுத்திருக்கிற ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா? வந்தது. வாளிக்குள் முந்திரிக்கொத்துகளும் குலுங்கிக் குலுங்கி அவளோடு சிரித்தன. ஐயோ, செருப்பு. அவள் தலையைத் தூக்கியபோது கேட் திறந்து கார் நகர்ந்துவிட்டிருந்தது. தள்ளுவண்டிக்காரர் பின்னால் போனார், அதே ஜோடியைத் தட்டிக்கொண்டு.

கார் நின்றபோது அவள் இரண்டாவது தேவ ரகசியத்திலேயேதான் இருந்தாள். எத்தனை தடவை சொன்னாளோ, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கதவு திறந்தது. வெயில் காய்ந்த கிரானைட் தரை பளபளவென்று கிடந்தது, அதில் தன் முகம் தெரிந்துவிடுமோ என்றிருந்தது. வலது காலை எடுத்து வைத்தாள். சுட்டது. இடது காலையும் வைத்தாள். மூன்று படிக்கு மேலே எவாஞ்சலின் நின்றிருந்தார், வீட்டுக்குள் போடுகிற மெத்துமெத்துச் செருப்போடு. "வாங்க, வாங்க" என்றவர் அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய சொல்லுக்காக வாயைத் திறந்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அவருடைய கண் சலேத்தின் காலுக்குப் போனது. அங்கேயே நின்றது. எவாஞ்சலின் மெல்ல ஒரு கையைத் தூணில் ஊன்றி, தன் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். படி இறங்கி, அந்தச் சூட்டுத் தரையில் வெறுங்காலோடு கிட்டே வந்தார். சலேத்தின் வலது கையில் சுற்றியிருந்த செபமாலையைப் பார்த்தார். "கொடி ஏறினதுல இருந்து நேர்ச்சையா?" என்றார். "வெறுங்காலோட மாதாவுக்கு... எங்க ஜோவினுக்கும் சேத்தா?"

நேர்ச்சை. ஆமாம், திருவிழாக் காலம், ஊரில் பாதிப்பேர் நேர்ந்துகொண்டு செருப்புப் போடாமல்தான் நடக்கிறார்கள். சலேத்துக்கு இது தோன்றவே இல்லை. ஒரே ஒரு தலையாட்டல் போதும். சொல்லக்கூட வேண்டாம், கண்ணைத் தாழ்த்தினால் போதும். இந்தக் கிரானைட்டுக்கும் இந்தத் தூணுக்கும் மேலே போய் உட்கார்ந்துவிடலாம், கேட் திறந்தவள் இல்லை, வேலைக்கு அனுப்புகிறவள் இல்லை, நேர்ச்சைக்காரி, இந்த வீட்டுப் பிள்ளைக்காக வெயிலில் நடந்தவள். டெல்பின் நிமிர்ந்து வரலாம் இந்தப் படியில். மாதாவே, நீரே அனுப்பினதா இது? நீர் அனுப்பினால் உம்முடைய பெயரிலேயா பொய்யை அனுப்புவீர்? பின்னே யார் அனுப்பினது? கால் சுடுகிறது. இந்த அம்மாவுக்கும் சுடும், பழக்கமில்லாத கால், ரோஸ் நிறமாக இருக்கிறது, என் பேச்சை நம்பிச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார், நான் இன்னும் பேசவே இல்லை. ஆமா என்றால் ஒரு நொடி. அப்புறம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இந்த அம்மா என் காலைப் பார்த்துக் கண் கலங்குவாரே, நான் எந்தக் காலோடு வருவேன்? குனிந்து போன வாசலைவிட ஏமாற்றிப் போன வாசல் இன்னும் தாழ்வாக இருக்குமே. அந்த நேரத்தில் மேடமும் அவளுக்கு மறந்தது, மதினியும் மறந்தது, ஒரு வாரத்து ஒத்திகையும் மறந்தது.

"ஐயோ, நேர்ச்சை இல்ல மதினி! உங்க காரு உள்ள அவ்வளவு வெள்ளையா இருந்துச்சு. வீட்டு வாசல்னு நெனச்சுக் கழட்டி வச்சிட்டு ஏறிட்டேன். அது எங்க தெருவுலயே நிக்கி மதினி. மொதல்ல நீங்க செருப்பப் போடுங்க, கால் வெந்துரும்."

எவாஞ்சலின் அவளையே பார்த்தார். உதட்டை இறுக்கினார். அப்புறம் வந்ததே ஒரு சிரிப்பு! பள்ளிக்கூட கேட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, ஏலக்கரையில் மீன்கூடைக்கு நடுவில் நின்று சிரிக்கிற சிரிப்பு. தூண் எட்டாமல் சலேத்தின் தோளையே பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்பு புங்கமரத்துக்குப் போகவில்லை, நேரே இவள் முகத்திலேயே விழுந்தது. "அப்போ நானும் சொல்லிருதேன் மதினி" என்றார், மூச்சு வாங்க. "உங்க வீட்டுக்கு வந்தேன்ல. எங்க கழட்டன்னு எனக்குத் தெரியல. தெரு அப்படியே வீடாயிருச்சு, படி ஒண்ணும் இல்ல, எல்லாரும் வாங்க வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்கீங்க. உள்ள வந்து பாத்தா மாதா படம். என் காலுல செருப்பு. கழட்டவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. நாற்காலிக்கு அடியில ஒளிச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஜோவின் அப்பாட்ட சொல்லி அழுதேன், அவங்க நம்மளத் திமிரு பிடிச்சவன்னு நெனச்சிருப்பாங்கன்னு." "யாரும் நெனைக்கல மதினி" என்று சொல்ல வந்த சலேத், ரீத்தாவை நினைத்துக்கொண்டு, "ஒருத்தி மட்டும் நெனச்சா" என்றாள். மறுபடி சிரிப்பு. தரை இன்னும் சுட்டது. இரண்டு பேரும் புடவையைத் தூக்கிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடிப் படியேறினார்கள். "துரைப்பாண்டி! போய் மதினி செருப்ப எடுத்துட்டு வாங்க!"

கார் திரும்பிப் போனது, காலியாக, ஒரு ஜோடிச் செருப்பை ஏற்றி வர. உள்ளே தரை பனிக்கட்டி போல இருந்தது, ஐஸ் கம்பெனி வீடல்லவா. டெல்பின் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றபோது, சோபாவில் புடவைகள் பிரிக்காமல் கிடந்தன. இரண்டு பெண்களும் கீழே கால் நீட்டி உட்கார்ந்து முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மதினி இது, பல்லு போயிரும் போல." "வாயில கொஞ்ச நேரம் ஊற வைங்க மதினி, அவசரப்படாதீங்க." டெல்பின் யார் முகத்தை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தாள். அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு, தன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "அத்தை, எனக்கு ஒண்ணு குடுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. கபிரியேல். ஷிப்டு முடிந்து வந்திருக்கிறார். "ஏ பிள்ள, உன் செருப்பு மட்டும் தனியா ஒரு பெரிய காருல, பின்சீட்டுல உக்காந்து போகுதாம், ரீத்தா சொல்லுதா. நீ எங்கட்டி இருக்க?" யாரும் மிதித்துவிடக் கூடாது என்று ரீத்தா அதன்மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்து மூடி, அது பறந்துவிடாமல் மேலே ஒரு குடத்தையும் வைத்து, பக்கத்திலேயே காவல் நின்றிருக்கிறாள். துரைப்பாண்டி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். எவாஞ்சலினுடைய மெத்துமெத்துச் செருப்புக்கும் டெல்பினுடைய செருப்புக்கும் நடுவில் அது சேற்றோடு நின்றது. சலேத் செபமாலையைத் தேடி எடுத்தாள். இரண்டாவதிலிருந்து நேரே ஐந்தாவதுக்குத் தாவினாள்: காணாமற்போன பாலன் இயேசுவைக் கண்டடைந்தது. "தப்பா பிள்ள அது, செருப்புக்குப் போயி?" என்று படியில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். தப்பாக எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற அட்வென்ட் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் நடந்தது. புடவை, கடைசியில், சந்தன நிறம். பெரிய வீடு பெரிய வீடாகத்தான் இருக்கிறது, சலேத்தின் அடுக்களை இன்னும் மூன்று வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கார் அவர்கள் தெருவுக்கு அடிக்கடி வருகிறது; ஏறுகிறவளுக்கு இன்னும் கால் தயங்குகிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தெருவிலாவது, கார் கிளம்பிப் போன இடத்தில், ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் ஒழுங்காக நின்றால், அதை மிதித்துவிடாமல் கொஞ்சம் ஓரமாக எடுத்து வையுங்கள்.